மகளுக்கு ஒரு மட்டக்குதிரை



மதரஸாவில் பாடம் நடத்துவோரின் வீட்டில் குதிரைக்கு என்ன வேலை என்று கடந்த ஓராண்டாகப் பலர் எங்களிடம் கேட்டுவிட்டனர். மஹல்லாவில் கேட்டவர்கள் சிரித்துக்கொண்டு கேட்டார்கள்; உறவில் கேட்டவர்கள் சிரிக்காமல் கேட்டார்கள். இப்போது வேறொரு கேள்வி வரத் தொடங்கியிருக்கிறது. எங்கள் பிள்ளைக்கும் ஒன்று வாங்கலாம் என்று எண்ணுகிறோம், எதைப் பார்த்து வாங்குவது என்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு நாவால் சொல்லும் விடை போதவில்லை. அதனாலேயே இதை எழுதுகிறோம்.

முதற்கேள்விக்கும் சில வரிகள் தேவை. எங்கள் முன்னோருக்கு ராவுத்தர் என்ற பெயர் குதிரையால் வந்தது என்பார்கள். 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து காயலுக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கியதை எழுதியிருக்கிறார். அவர் எழுதிய மற்றொன்றை நாம் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. வந்த குதிரைகள் இங்கே நிலைக்கவில்லை. அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இல்லை. சமைத்த சோற்றையும் இறைச்சியையும் தீனியாகக் கொடுத்தார்கள் என்கிறார். வாங்கும் ஆசை ஒன்று, வைத்துக் காக்கும் அறிவு வேறொன்று என்பது இந்த மண்ணுக்குப் பழைய செய்தி.

"பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்பது அடுத்தது. ஒட்டகம் ஏறிய பெண்களில் சிறந்தவர்கள் குறைஷிப் பெண்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததையும், அதைப் பற்றிக் கேட்ட நபியவர்கள் அவர் சொன்ன பதிலைக் கேட்டுக் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்ததையும் அபூதாவூதில் படிக்கிறோம். பாடத்தில் இந்த ஹதீஸ் வந்த நாளில்தான் எங்கள் மகளுக்கு ஆசை பற்றிக்கொண்டது. அப்போது அவளுக்கு வயது 8.

ஆசை வந்த உடனே வாங்கிவிடவில்லை. கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து நடத்த, மேலே அமர்ந்து வருவது சவாரி ஆகாது, அது பல்லக்கு. அதனால் கோடை விடுமுறையில் கோயம்புத்தூரில் உறவினர் வீட்டில் தங்கி, ஒரு பயிற்சிப் பள்ளியில் 24 வகுப்புகள் படித்தாள். அங்கே முதல் வாரம் முழுவதும் சேணத்தின் மீதே ஏற்றவில்லை. தலைக்கயிறு பிடித்து நடத்துவது, தேய்த்துவிடுவது, குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்வது, பின்னால் போகாமல் தோள்பக்கமாக அணுகுவது, இவைதாம் பாடம். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் மட்டும் பார்வை படாது. உதை வாங்குபவர்கள் பெரும்பாலும் அந்தப் பின்பக்கத்தில் சத்தமில்லாமல் போய் நின்றவர்களே. விடுமுறை முடிந்தபோது மகளால் நடையிலும் மெல்லிய துள்ளோட்டத்திலும் அமர முடிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இதை நாங்கள் மனத்தில் இருத்திக்கொண்டோம். வாங்கப்போவது ஒரு கற்றுக்குட்டிக்காக.

இந்த இடத்தில்தான் எங்கள் வீட்டில் பெரிய சோதனை வந்தது.

மகளின் மூத்த தாய்மாமா வசதி உள்ளவர்; கை தாராளமானவர். அவள் குர்ஆனை ஓதி முடித்த நாளில், வியாபாரி ஒருவரிடமிருந்து வெண்ணிற மார்வாரி ஆண் குட்டி ஒன்றை வண்டியில் ஏற்றிவந்து வாசலில் இறக்கினார். வயது இரண்டரை. காதுகளின் நுனி உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் அந்த இனத்தின் அழகைச் சொல்லி முடியாது. தெருவே கூடிவிட்டது. மகள் அதன் கழுத்தைத் தொட்டபோது அவள் முகத்தைப் பார்த்த எங்களுக்குத் தொண்டை அடைத்தது. மாமா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "குட்டிக்குக் குட்டி. ரெண்டும் சேர்ந்து வளரட்டும்."

கேட்க இனிமையான இந்தச் சொல்லைப் போல ஆபத்தானது வேறில்லை. பிள்ளைக்குத் தெரியாததைக் குதிரை அறிந்திருக்க வேண்டும். குதிரைக்குத் தெரியாததை மேலே இருப்பவர் அறிந்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் தெரியாவிட்டால் யார் யாருக்குக் கற்பிப்பது? இரண்டரை வயதுக் குதிரைக்கு எலும்பும் முதிரவில்லை. நிரந்தரமான முன்பற்கள் எல்லாம் முளைத்து முடியவே 5 வயது ஆகும். முதுகெலும்பின் வளர்ச்சிக்கும் ஏறக்குறைய அத்தனை காலம் வேண்டும். அதிலும் காயடிக்காத ஆண். பெட்டைக்குதிரையின் மணம் காற்றில் வந்தால் முதுகில் இருப்பது குழந்தையா மூட்டையா என்று அது பார்க்காது.

அன்பளிப்பை இலேசாக எண்ணக்கூடாது என்பது மார்க்கம். குடும்பத்தில் மூத்தவர் கொடுத்ததைத் திருப்பினால் அது அவமதிப்பு என்பது வழக்கம். இரண்டும் எங்களுக்குத் தெரியும். இரவு முழுவதும் பேசினோம். மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னோம்: "உங்கள் அன்பை நாங்கள் மறுக்கவில்லை மாமா. இந்தக் குட்டி பெரியவர் கையில் வளர வேண்டியது. நம் பிள்ளைக்கு இப்போது இது வேண்டாம்." அவர் எங்களைப் பார்க்கவில்லை. "என் மருமவளுக்கு நான் குடுக்குறேன். இதுல நீங்க பேச என்ன இருக்கு?" என்றார். குட்டியை அன்று மாலையே ஆள் அனுப்பி ஓட்டிச்சென்றார். அதன்பின் இரண்டு மாதங்கள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. மகள் மூன்று நாட்கள் எங்களோடு பேசவில்லை.

அந்த நாட்களில் எங்களுக்குத் துணையாக இருந்தது ஒரு ஹதீஸ். நபியவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி தந்து இறுக்கிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை, ஏறக்குறைய ஐந்தாறு மைல். பயிற்சியில்லாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஏறக்குறைய ஒரு மைல். அறிவித்த இப்னு உமர் (ரலி) தாமும் அதில் ஓட்டியவர். எத்தனையோ முறை இதை மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறோம், பந்தயம் கூடுமா என்ற சட்டத்துக்காக. பயிற்சியின் அளவைப் பார்த்துத் தூரத்தைப் பிரித்திருக்கிறார்களே என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

பிறகு தேடல் தொடங்கியது. ஆடி மாதத்தில் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையை அறியாதவர் குறைவு. நாங்களும் போனோம், வாங்குவதற்கு அன்று, பார்த்துப் பழகுவதற்கு. கத்தியவாரி, மார்வாரி, நாட்டு மட்டம் என்று வரிசை வரிசையாக நின்றன. மேளச் சத்தத்துக்கு முன்கால்களைத் தூக்கி ஆடும் நாட்டியக் குதிரைகளைச் சுற்றித்தான் கூட்டம். "புள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் பாய்" என்று ஒருவர் ஆட்டிக் காட்டினார். திருமண ஊர்வலத்தில் மேளம் கேட்டால் ஆடும் குதிரை, பிள்ளை முதுகில் இருக்கும்போது கேட்டாலும் ஆடும். பந்தயத்தில் ஓடிய மட்டங்களும் இருந்தன. தென்மாவட்டங்களில் குதிரை வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றைச் சத்தம் போட்டே விரட்டிப் பழக்குகிறார்கள். பின்னால் ஒரு கூச்சல் கேட்டால் அவற்றுக்கு அது ஓடு என்ற கட்டளை. உயரத்தில் குறைந்தவை, விலையிலும் சில குறைந்தவை. ஆனால் பிள்ளைக்கு உரியவை அல்ல. மட்டக்குதிரை என்றாலே சாது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. குட்டையான குதிரைக்குக் குணமும் குட்டையாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

சந்தையில் எல்லோரும் சுழி பார்க்கிறார்கள். இன்ன இடத்தில் மயிர்ச்சுழி இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது, இன்ன இடத்தில் இருந்தால் செல்வம் வரும் என்று. நம்மவர்களும் நின்று விரல்விட்டு எண்ணுவதைக் கண்டோம். சகுனத்தை மறுக்கும் மார்க்கத்தில் இருந்துகொண்டு நெற்றிச் சுழிக்கு அஞ்சுவானேன்? சுழியைப் பார்க்கும் நேரத்தில் குளம்பைப் பார்க்கலாம். வெடிப்பு உண்டா, உள்ளே அழுகல் நாற்றம் வருகிறதா, லாடம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா? கடினமான தரையில் நேராக ஓடச் சொல்லிப் பார்க்கலாம். முன்கால் நோவு உள்ள குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும். இதற்கு எந்தச் சாத்திரமும் வேண்டியதில்லை.

எங்களுக்கு வாய்த்தது சந்தையில் அன்று. கோயம்புத்தூரில் மகளுக்குக் கற்றுக்கொடுத்தவரே ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார்: உடுமலைப்பேட்டைப் பக்கம் தோட்டக்காரர் ஒருவர் வீட்டில் ஒரு பெட்டை நிற்கிறது, அவருடைய இரண்டு பிள்ளைகளும் அதில்தான் பழகினார்கள், இப்போது கால் தரையைத் தொடும் அளவுக்கு வளர்ந்துவிட்டார்கள். நிறம் மண் நிறம். வயது 13. இடது தோளில் பழைய காயத்தின் தழும்பு. உயரம் தோள்மேட்டில் 12 கை. ஒரு கை என்பது 4 அங்குலம், ஆக 4 அடி. புகைப்படத்தைப் பார்த்த மகள் முகத்தைச் சுளித்தாள்.

சொல்லாமல் போனோம். குறித்த நேரத்துக்கு ஒரு மணி முன்பே போய் நின்றோம் என்பதுதான் சரி. விற்பவர் நேர்மையற்றவர் என்று நினைத்து அன்று. முன்கூட்டியே ஓட்டிக் களைப்பூட்டிய குதிரையும் சாதுவாகத்தான் நிற்கும் என்பதால். உடலைத் தொட்டுப் பார்த்தோம். வியர்வை இல்லை, சூடு இல்லை. கட்டவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தது. பிடிக்கப் போனபோது ஓடவில்லை. நான்கு குளம்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கக் கொடுத்தது. வயிற்று வாரை இறுக்கும்போது காதைப் பின்னுக்கு மடித்தது, ஆனால் கடிக்கத் திரும்பவில்லை. முதலில் அவர்கள் வீட்டுப் பையனையே ஓட்டச் சொன்னோம். விற்பவர் ஏறத் தயங்கும் குதிரையில் நம் பிள்ளையை ஏற்றக்கூடாது. பிறகு பயிற்சியாளர் ஏறினார். அதன் பிறகே மகள். அதுவும் நீண்ட கயிற்றில்.

அது ஓடுவதைவிட நிற்பதையே அதிகம் சோதித்தோம். எங்கள் பயிற்சியாளர் இதில் பிடிவாதக்காரர். நடையிலிருந்து நிற்கிறதா? துள்ளோட்டத்திலிருந்து நிற்கிறதா? வீட்டை நோக்கித் திரும்பும்போதும் நிற்கிறதா? தோழமைக் குதிரையை விட்டுத் தனியே தோப்பைத் தாண்டிப் போகிறதா? குடையை விரித்துக் காட்டினோம். பிளாஸ்டிக் பையை உதறினோம். சாலையில் லாரி ஒன்று ஒலிப்பானை அலறவிட்டுப் போனது. அது எங்கள் ஏற்பாடு அன்று. குதிரை காதைத் திருப்பிக் கேட்டது, ஒரு காலை மாற்றி வைத்தது, அவ்வளவுதான். இரண்டாம் சுற்றில் மகள் சற்றுச் சரிந்து பிடரி மயிரைப் பற்றினாள். குதிரை தானாகவே நின்றுவிட்டது. அவள் நிமிர்ந்து அமரும் வரை அசையவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்போதும் முடிவு சொல்லாமல், மறுவாரம் வேறொரு நேரத்தில், மாலையில் மீண்டும் போனோம். அரசுக் கால்நடை மருத்துவர் ஒருவரை உடன் அழைத்துச்சென்றோம். பற்களைப் பார்த்து வயது சொன்னபடிதான் என்றார். கண், மூச்சு, இதயத் துடிப்பு எல்லாம் பார்த்தார். எடை ஏறக்குறைய 220 கிலோ என்று அளவெடுத்துச் சொன்னார். குதிரை தன் எடையில் ஏழில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை சுமக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. மகள் 27 கிலோ, சேணமும் மற்றவையும் 7 கிலோ. இன்னும் சில கிலோ இடம் இருந்தது. தங்கள் மீது சுமை ஏற்றுவதைப் பற்றி வாயில்லாப் பிராணிகள் நம்மிடம் கேட்காவிட்டாலும், அவற்றைப் படைத்தவன் கேட்பான். பட்டினி போட்டு வேலை வாங்கிய எசமானனைப் பற்றி ஓர் ஒட்டகம் நபியவர்களிடம் முறையிட்ட செய்தியை நாம் மேடைகளில் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்.

விலை பேசும் முன் 15 நாட்கள் எங்களிடம் வைத்துப் பார்க்க விரும்பினோம். இங்கே எங்கள் படிப்பு குறுக்கே வந்தது. வாங்கிவிட்டு, பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் உரிமையை நிபந்தனையாக வைப்பதற்கு இமாம் அபூஹனீஃபாவும் இமாம் ஷாஃபிஈயும் மூன்று நாட்களையே எல்லையாகச் சொல்கிறார்கள். அபூயூசுஃபும் முஹம்மதும் குறித்த தவணை என்றால் கூடுதலுக்கும் இடம் தருகிறார்கள். கருத்து வேறுபாட்டுக்குள் நுழையாமல், முதலில் 15 நாட்களுக்கு வாடகைக்கு எடுப்பது, பிறகு தனியாக விலை பேசுவது என்று வைத்துக்கொண்டோம். வாடகைக்கு எடுத்த பிராணி நம் கையில் அமானிதம். நம் அலட்சியத்தால் கேடு வந்தால் நாம் பொறுப்பு.

உமர் (ரலி) அவர்களைப் பற்றி நூல்களில் ஒரு செய்தி உண்டு. ஒருவரிடம் குதிரைக்கு விலை பேசி, ஓட்டிப் பார்க்கக் கொண்டுபோனார்கள். அது கால் ஊனப்பட்டுவிட்டது. திருப்பி எடுத்துக்கொள் என்றார்கள், விற்றவர் மறுத்தார். ஷுரைஹ் நடுவராக இருந்து, வாங்கியதை வைத்துக்கொள்ளுங்கள் அல்லது எடுத்த நிலையிலேயே திருப்பிக் கொடுங்கள் என்று கலீஃபாவுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னார். உமர் (ரலி) அவரையே கூஃபாவுக்குக் காழியாக அனுப்பினார்கள். தோட்டக்காரரிடம் இந்தக் கதையைச் சொன்னோம். அவர் கவுண்டர் சமூகத்துப் பெரியவர், ரசித்துக் கேட்டார். "அப்ப எழுதிப் போட்டுக்கலாமுங்க" என்றார். எழுதினோம். அவராகவே ஒரு குறையையும் சொன்னார்: மழைக்காலத்தில் இதற்கு மூச்சு சற்று இழுக்கும், பூசணம் பிடித்த வைக்கோலைப் போட்டுவிடக் கூடாது. கேட்காமலே குறையைச் சொல்லும் விற்பனையாளரைக் கண்டால் நம்பிக்கை வருகிறது. நம் கடைவீதிகளில் எத்தனை பேர் இப்படிச் சொல்கிறோம் என்ற எண்ணமும் கூடவே வந்தது.

வாடகை நாட்கள் முடிந்தன, வாங்கினோம். இப்போது வீட்டாரின் தென்னந்தோப்பில் நிற்கிறது. வளர்ப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம்: விலையைவிட வளர்ப்புச் செலவே பெரிது. நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் புல்லும் காய்ந்த தீவனமும், எப்போதும் சுத்தமான தண்ணீர், 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவுதல், ஆண்டுதோறும் தனுர்வாத ஊசி. கொள்ளைக் கொட்டிக் கொழுக்க வைக்கக்கூடாது. தீனியைத் திடீரென மாற்றினால் வயிற்றுவலி கண்டு உயிருக்கே ஆபத்தாகும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இவ்வளவுக்கும் நேரமும் பொருளும் இல்லாதவர்கள், பயிற்சிப் பள்ளியில் மணிக்கணக்குக்கு எடுத்து ஓட்டச்செய்வதே நல்லது. அதில் குறைவு ஒன்றும் இல்லை.

உடையைப் பற்றித் தாய்மார்கள் கேட்கிறார்கள். தளர்வான கால்சட்டை, முழங்கால் தாண்டிய, பக்கவாட்டில் வெட்டுள்ள மேலாடை, தலையோடு ஒட்டிய சிறிய முக்காடு, அதன்மேல் தலைக்கவசம். தாடை வார் இறுகியிருக்க வேண்டும். தொங்கும் துப்பட்டா கூடவே கூடாது. சேணத்தில் மாட்டினால் விழும் பிள்ளையை விழவும் விடாது. செருப்போடு ஏறக்கூடாது. சிறு குதிகால் உள்ள காலணி இருந்தால் பாதம் அங்கவடிக்குள் நழுவிச் சிக்காது.

மகள் அதற்கு மைனா என்று பெயர் வைத்திருக்கிறாள். இன்னும் பாய்ச்சலுக்கு விடவில்லை. வாரத்தில் மூன்று நாட்கள், அஸருக்குப் பின் அரை மணி நேரம், நடையும் துள்ளோட்டமும், பெரியவர் ஒருவர் அருகில் நிற்க. ஏறும்போது வாகனத்தில் ஏறும் துஆவை ஓதுகிறாள். ஒரு நாள் மறந்துபோய், பாதி வழியில் நிறுத்தி ஓதிவிட்டுத் தொடர்ந்தாள்.

மாமா பெருநாளன்று வந்தார். வெள்ளைக் குட்டி இப்போது பழக்குபவர் ஒருவரிடம் இருக்கிறது என்றார். தோப்புக்குப் போய் மைனாவை நெடுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கெழவியைக் கொண்டாந்து கட்டியிருக்கீங்க" என்றார். பிறகு மகளை ஓட்டச் சொல்லி, தென்னை மட்டை மீது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் ஊரிலிருந்து ஒரு புதிய சேணம் வந்து சேர்ந்தது. அளவு சரியாக இல்லை. மைனாவின் முதுகுக்குப் பெரிது. திருப்பி அனுப்பவில்லை, எடுத்து வைத்திருக்கிறோம்.

தோட்டக்காரரோடு எழுதிய தாளில் கடைசி வரி ஒன்று உண்டு. பிள்ளை வளர்ந்து இதைக் கைமாற்றும் நாளில் முதலில் தமக்குத்தான் சொல்ல வேண்டும். அவருடைய பேத்திக்கு இப்போது வயது 3. மகள் இந்த ஆண்டு இரண்டு அங்குலம் உயர்ந்திருக்கிறாள்.